திரையில் தெரிவது காட்சியா, செய்தியா?

2020ஆம் ஆண்டு ரமளானில் பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன. ஹரமைனிலும் பணியாளர்களைத் தவிரப் பொதுமக்கள் எவரும் அனுமதிக்கப்படவில்லை. தராவீஹ் பத்து ரக்அத்தாகச் சுருக்கப்பட்டது. அந்நாள்களில் ஓர் இரவு, ஜமாஅத்தார்களில் மூத்தவர் ஒருவர் நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். "ஹஜ்ரத், மக்காவின் தராவீஹ் நேரடியாக வருகிறதே, வீட்டு ஹாலில் ஸஃப் கட்டி நின்று அந்த இமாமைப் பின்பற்றித் தொழுதால் கூடுமா?" என்று கேட்டார். கூடாது என்றோம். அவர் விடவில்லை. "கறுப்பு வெள்ளைப் பெட்டியில், புள்ளி புள்ளியாகத் தெரிந்த காலத்தில் கூடாது என்றால் சரி. இப்போது மகன் எச்.டி. பெட்டி வாங்கி வைத்திருக்கிறான். இமாமுடைய அபாயாவின் தையல்கூடத் தெரிகிறது. பக்கத்தில் நிற்பது போலத்தானே இருக்கிறது?"

தொழுகையைப் பற்றிய தீர்ப்பை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஆனால், அவருடைய கேள்விக்குள் ஓர் எண்ணம் ஒளிந்திருந்தது: படம் தெளிவடைந்தால் தொலைவு குறைந்துவிடுகிறது, தெளிவு முழுமை பெறும்போது செய்தியாக இருந்தது நேர்க்காட்சியாக மாறிவிடுகிறது. இவ்வெண்ணம் அவருக்கு மட்டும் உரியதன்று. நோன்பு திறப்பது, பிறை, ஒரு கலவரத்தின் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு சமூகத்தையே எடைபோடுவது ஆகிய அனைத்திலும் இது வேலை செய்கிறது. இதன் தகுதியை அறிய வேண்டுமானால், அத்திரையில் தெரிவது எவ்வழியாக வந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். நபிமொழி பயில்வோர் மூலத்தைப் பார்ப்பதற்கு முன் இஸ்னாதைப் பார்ப்பது போல, இங்கும் அறிவிப்பாளர் வரிசையிலிருந்தே தொடங்குவோம்.

பார்வை என்பது கண்ணிலிருந்து புறப்படும் கதிர் பொருளைத் தொடுவதன்று. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவி, கண்ணை வந்தடைவதே என்று ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம் (ரஹ்) தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஏழு பாக நூலில் நிறுவினார். அவர் தொலைக்காட்சிக்கே வித்திட்டார் என்று சிலர் மேடைகளில் முழங்குவதுண்டு. அப்படியெல்லாம் நாம் சொல்லவில்லை. எனினும், காணும் பொருளைப் புள்ளிகளின் தொகுதியாக எண்ணிப் பார்க்கும் முறை அவரிடம் தெளிவாக இருக்கிறது. அதைவிட முக்கியமாக, காண்பதில் கண்ணின் பங்கு பாதிதான், மீதி அறிவின் ஊகமும் தீர்ப்பும் என்றும் அவர் சொன்னார். அதனால்தான் அந்நூலின் மூன்றாம் பாகத்தைப் பார்வையின் பிழைகளுக்காகவே ஒதுக்கினார். தொலைக்காட்சிப் பொறியியல் முழுவதும் அந்தப் பாதி ஊகத்தின்மீது கட்டப்பட்டது என்றால் மிகையாகாது.

நாம் சிறுவயதில் பார்த்த தொலைக்காட்சிப் படம் 625 கோடுகளால் ஆனது. அவற்றில் திரையில் தெரிந்தவை 576. அம்முறையை எண்களாக மாற்றியபோது, கோட்டுக்கு 720 புள்ளிகள் என்று வகுத்தார்கள். ஆக ஒரு படத்திற்கு 4,14,720 புள்ளிகள். திரை நான்குக்கு மூன்று என்ற அளவில் சதுரத்திற்கு அருகில் இருந்தது. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் நடந்து முடிந்தபின், ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே., இதைவிடத் தெளிவான தொலைக்காட்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஆராயத் தொடங்கியது. மனிதக் கண் எதைப் பிரித்தறிகிறது, எவ்வளவு அகலமான திரை பார்ப்பவனைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது என்பதை ஆண்டுக்கணக்கில் சோதித்து, 1125 கோடுகள் கொண்ட முறையை உருவாக்கினார்கள். இன்று எச்.டி. என்று வழங்குவதில் தெரியும் கோடுகள் 1080. கோட்டுக்கு 1920 புள்ளிகள். திரை பதினாறுக்கு ஒன்பது. ஆக ஒரு படத்தில் 20,73,600 புள்ளிகள். பழையதைப் போல் ஐந்து மடங்கு.

ஐந்து மடங்கு விவரத்தை அனுப்ப அதற்கேற்ற அகலமான வழி வேண்டும். வானலைகளோ அளவுக்குட்பட்டவை. ஜப்பானியர் 1980களின் இறுதியில் செயற்கைக்கோள் வழியே அனலாக் முறையிலேயே இதை ஒளிபரப்பிக் காட்டினார்கள். ஆயினும் அது பிற நாடுகளில் வேரூன்றவில்லை. 1990இல் அமெரிக்காவின் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்னும் நிறுவனம், படத்தை முழுவதும் எண்களாக மாற்றிச் சுருக்கி, பழைய ஓர் அலைவரிசையின் இடத்திற்குள்ளேயே எச்.டி.யை அடக்கிவிடலாம் என்று முன்மொழிந்தது. போட்டியிட்ட நிறுவனங்கள் 1993இல் ஒன்றிணைந்தன. 1996 டிசம்பரில் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் டிஜிட்டல் தரநிலையை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் 1982 ஆசிய விளையாட்டுகளை ஒட்டி வண்ணம் வந்ததுபோல, 2010 அக்டோபரில் காமன்வெல்த் விளையாட்டுகளை ஒட்டித் தூர்தர்ஷன் எச்.டி. ஒளிபரப்பைத் தொடங்கியது. விளையாட்டுதான் எப்போதும் முதலில் வருகிறது, இது சிந்திக்கத்தக்கது.

சுருக்குதல் என்றோம். இதில்தான் விஷயத்தின் உயிர் இருக்கிறது. சற்று நிதானமாகப் பார்ப்போம். ஒரு நிலையத்திற்குள் கேமராவிலிருந்து கட்டுப்பாட்டு அறைக்குச் செல்லும் எச்.டி. கம்பியில் நொடிக்கு ஏறத்தாழ 148 கோடி பிட்டுகள் பாய்கின்றன. நம் வீட்டுப் பெட்டியை வந்தடைவது, நொடிக்கு எண்பது லட்சம் பிட்டுகள் என்று வைத்துக்கொண்டால், நூற்றெண்பதில் ஒரு பங்கு. எஞ்சிய நூற்றெழுபத்தொன்பது பங்கு எங்கே போயிற்று? கைவிடப்பட்டது. கைவிட்டது நமக்குத் தெரியாதபடி கைவிடுவதே இக்கலையின் நுட்பம்.

இக்கலைக்கு அடிப்படையான கணிதத்தைத் தந்தவர்களில் முதன்மையானவர் பெங்களூரில் பிறந்த நாஸிர் அஹ்மத். அங்கேயே பொறியியல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்து, கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். 1972இல் இந்த ஆய்வுக்காக அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. ஆயினும் விடவில்லை. தம் மாணவர் டி. நடராஜன், நண்பர் கே.ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் அவர் வெளியிட்ட சிறு கட்டுரைதான் 'டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்' என்னும் முறையை உலகுக்குத் தந்தது. இன்று கைப்பேசியில் அனுப்பும் புகைப்படமும் தொலைக்காட்சியில் வரும் படமும் அம்முறையாலோ அதன் நெருங்கிய வடிவங்களாலோ சுருக்கப்படுபவை. முஸ்லிம்களின் அறிவியல் பங்களிப்பு என்றதும் அப்பாசியர் காலத்திற்கே ஓடிவிடும் நம் சொற்பொழிவாளர்கள் இப்பெயரைச் சொல்லி நாம் கேட்டதில்லை.

முறை இதுதான். படத்தைப் பக்கத்திற்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் அறுபத்து நான்கு புள்ளிகள். அவை ஒவ்வொன்றின் ஒளியளவையும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக, அக்கட்டத்தின் பொதுவான சாயல் என்ன, அதன்மேல் எவ்வளவு பரும்படியான ஏற்ற இறக்கம், எவ்வளவு நுண்ணிய ஏற்ற இறக்கம் என்று சொல்கிறார்கள். பத்தமடைப் பாயொன்றை வருணிப்பவர் ஒவ்வொரு கோரையின் நிறத்தையும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. 'சிவப்புப் பாய், ஓரத்தில் பச்சைக் கரை' என்கிறார். கேட்பவர் மனத்தில் பாய் விரிந்துவிடுகிறது. வானம், சுவர், மேனி போன்றவற்றில் நுண்ணிய ஏற்ற இறக்கம் பெரும்பாலும் சுழியமே. இருந்தாலும் கண் அதைப் பொருட்படுத்துவதில்லை. எனவே அது வெட்டப்படுகிறது. நிறத்தைவிட ஒளி நிழலையே கண் நுட்பமாகக் காண்கிறது என்பதால், நிற விவரமும் வீட்டுக்கு வரும் படத்தில் கால் பங்காகக் குறைக்கப்படுகிறது.

நபிமொழிக் கலையில் இதற்கு நிகரான ஒரு சொல் உண்டு: ரிவாயத் பில் மஅனா. கேட்ட சொல்லை அப்படியே சொல்வது ஒன்று. அதன் பொருளைத் தன் சொல்லில் சொல்வது மற்றொன்று. பின்னதைப் பெரும்பாலான அறிஞர்கள் அனுமதித்தார்கள். ஆனால் சொற்களின் பொருளையும், எதை மாற்றினால் பொருள் திரியும் என்பதையும் அறிந்தவருக்கு மட்டும். நம் வீட்டுக்கு வரும் எச்.டி. படம் முழுவதும் பொருள்வழி அறிவிப்புத்தான். சொல்வழி அறிவிப்பு நிலையத்தின் கம்பியோடு நின்றுவிட்டது.

இன்னொரு படி இருக்கிறது. ஒரு நொடியில் இருபத்தைந்து படங்கள் என்றால், அவை இருபத்தைந்தும் அனுப்பப்படுவதில்லை. அரை நொடிக்கோ ஒரு நொடிக்கோ ஒருமுறை ஒரு முழுப் படம் போகிறது. இடைப்பட்டவற்றுக்கு, 'முந்தைய படத்தில் இருந்த இந்தக் கட்டம் வலப்பக்கம் இவ்வளவு நகர்ந்தது' என்பது போன்ற குறிப்புகளும் சிறு திருத்தங்களுமே போகின்றன. மீதியைப் பெட்டி தானே வரைந்துகொள்கிறது. முந்தைய படத்தை மட்டுமன்றி, இனி வரவிருக்கும் படத்தையும் பார்த்து நடுவிலுள்ளதை அமைக்கும் வகையும் உண்டு. அலைவரிசையை மாற்றும்போது திரை ஒரு கணம் கறுத்து நிற்பது, அடுத்த முழுப் படத்திற்காகப் பெட்டி காத்திருப்பதால்தான். மழை நாளில் முகங்கள் கட்டம் கட்டமாக உடைந்து, ஒருவரின் தலையில் இன்னொருவரின் தோள் ஒட்டிக்கொள்வதைக் கண்டிருப்போம். முழுப் படம் தவறிப்போய், நகர்வுக் குறிப்புகள் மட்டும் வந்து சேர்ந்ததன் விளைவு அது. பழைய அனலாக் படம் பலவீனமானால் மங்கியது, புள்ளி விழுந்தது. பலவீனமான அறிவிப்பு தன் பலவீனத்தைத் தானே காட்டிக்கொடுத்தது. டிஜிட்டல் படமோ, பிழைதிருத்தும் குறியீடு தாங்கும் எல்லைவரை பளிச்சென்று நிற்கிறது. எல்லை தாண்டியதும் உடைந்து மறைகிறது. தெளிவைக் கொண்டு மட்டும் அறிவிப்பின் வலிமையை அளக்க இயலாது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

இனி, நிலையத்திலிருந்து வீடுவரை. கேமராக்கள் பலவாக இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றின் படம்தான் வெளியே போகும். எது போக வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவர் தீர்மானிக்கிறார். எழுத்தும் அலைவரிசையின் சின்னமும் அதன்மேல் ஏற்றப்படுகின்றன. சுருக்கும் கருவி அதைச் சுருக்குகிறது. ஒரே செயற்கைக்கோள் தடத்தில் பல அலைவரிசைகள் சேர்த்துக் கட்டப்படுகின்றன. 36 மெகாஹெர்ட்ஸ் அகலமுடைய ஒரு டிரான்ஸ்பாண்டரில் எச்.டி. என்றால் ஆறேழு, சாதாரணமென்றால் இருபதுக்கு மேலும் அடங்கும். அதன் வாடகை பெரிது. ஆகவே ஒவ்வொரு பிட்டும் பணம். கூட்டாகக் கட்டப்பட்ட அலைவரிசைகளில், கிரிக்கெட் ஓடும் அலைவரிசைக்கு அந்நேரம் அதிகப் பிட்டுகளும், அசையாமல் அமர்ந்து பயான் செய்யும் ஆலிமுக்குக் குறைந்த பிட்டுகளும் கருவி தானாகவே பங்கிட்டுத் தருவதுண்டு. ஆலிம்கள் இதைக் குறித்து வருந்த வேண்டியதில்லை; அசைவு குறைந்தால் செலவும் குறைவு.

பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுழல்வதால் நமக்கு அசையாமல் நிற்பதாகத் தோன்றும் செயற்கைக்கோளுக்கு இத்தொகுப்பு ஏற்றப்படுகிறது; அங்கிருந்து வேறோர் அலையில் கீழே இறக்கப்படுகிறது. ஏறி இறங்க ஒளியின் வேகத்திலும் கால் நொடி ஆகும். அதைக் கேபிள் நிறுவனமோ டி.டி.எச். நிறுவனமோ தன் பெரிய டிஷ்ஷில் வாங்கி, பிரித்து, மீண்டும் சுருக்கி, தன் தொகுப்பில் சேர்த்து அனுப்புகிறது. டி.டி.எச். என்றால் மறுபடியும் ஒரு முறை விண்ணேற்றம். இறுதியில் நம் செட்டாப் பாக்ஸ் அதை அவிழ்த்துத் திரைக்குத் தருகிறது. வரவிருக்கும் படத்தையும் பார்த்துச் சுருக்குவதால், சுருக்கும் ஒவ்வோர் இடத்திலும் படங்களைச் சற்று நிறுத்திவைத்தே ஆக வேண்டும். ஆக, 'நேரலை' என்று மூலையில் சிவப்பில் எழுதியிருக்கும் காட்சி நான்கைந்து நொடிகளிலிருந்து பத்து நொடிவரை பழையது. இணையவழி என்றால் அரை நிமிடம்கூட ஆகும். ஒரே தெருவில் கேபிள் வைத்திருக்கும் வீட்டில் ஒலித்து முடிந்த பாங்கின் வாசகம், டி.டி.எச். வைத்திருக்கும் அடுத்த வீட்டில் அப்போதுதான் தொடங்குவதை நாமே கேட்டிருக்கிறோம்.

இவ்வரிசையின் ஒரு கண்ணியைக் கையில் வைத்திருப்பவர் முழு வரிசையையும் கையில் வைத்திருக்கிறார் என்பதற்கு அரபுலகமே எடுத்துக்காட்டு. 1994இல் பி.பி.சி. தொடங்கிய அரபுத் தொலைக்காட்சி, சவூதி முதலீட்டில் இயங்கிய ஆர்பிட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் வழியையே நம்பியிருந்தது. சவூதி அரேபியாவைக் குறைகூறும் நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் 1996 ஏப்ரலில் அவ்வழி அடைக்கப்பட்டது, அலைவரிசை மறைந்தது. வேலையிழந்த பத்திரிகையாளர்களில் பலர் கத்தாருக்குச் சென்றார்கள். அவ்வாண்டு நவம்பரில் அல்ஜஸீரா பிறந்தது. அதற்கும் அரப்சாட் செயற்கைக்கோளில் தொடக்கத்தில் வலுக்குறைந்த தடமே கிடைத்தது. சிறு டிஷ் வைத்திருந்தவர்கள் பார்க்க இயலவில்லை. 1997இல், வலுவான தடத்தில் இருந்த ஒரு பிரெஞ்சு அலைவரிசை, பகல் நேரத்தில் அரபு இல்லங்களுக்குத் தவறுதலாக ஆபாசப் படத்தை அனுப்பிவிட்டு வெளியேற்றப்பட்டது. அந்த இடம் அல்ஜஸீராவுக்குக் கிடைத்தது. அதன்பின் அதன் வீச்சை உலகம் அறியும். செய்தியின் தரம், துணிவு எல்லாம் சரிதான். ஆனால் எவருடைய தடத்தில் ஏறினோம் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

அறிவிப்பாளருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். நபிமொழி அறிவிப்பதற்குக் கூலி வாங்கியவரின் அறிவிப்பை ஏற்கலாமா என்பதில் முன்னோர் கருத்து வேறுபட்டதை இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) பதிவு செய்திருக்கிறார். இமாம் அஹ்மத் (ரஹ்), இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி (ரஹ்) ஆகியோர் கூடாது என்றார்கள். நம் நாட்டு அலைவரிசைகள் சந்தாவாலும் விளம்பரத்தாலும் வாழ்கின்றன. மணிக்குப் பன்னிரண்டு நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது கேபிள் விதி. விளம்பரத்தின் விலையைத் தீர்மானிப்பது பார்வையாளர் அளவீடு. 2015 முதல் அதைச் செய்துவரும் பார்க் அமைப்பு, சில பத்தாயிரம் வீடுகளில் கருவி வைத்து, காதுக்குக் கேட்காத ஒலிக்குறியைக் கொண்டு எந்த அலைவரிசை ஓடுகிறது என்று கணக்கிட்டு, நாடு முழுமைக்கும் பெருக்கிச் சொல்கிறது. அளவீட்டில் முறைகேடு என்று குற்றச்சாட்டு எழுந்ததால், செய்தி அலைவரிசைகளின் அளவீடு 2020 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை நிறுத்திவைக்கப்பட்டது. நாம் அறிய வேண்டியது, ஒரு விவாத நிகழ்ச்சியில் குரல் உயர்வதற்கும் இக்கருவிக்கும் உள்ள உறவு. முஸ்லிம்களைப் பற்றிய விவாதங்களை அடிக்கடி பார்த்து மனம் புழுங்குவோர், அவ்விவாதம் அவர்கள் பார்ப்பதாலும்தான் நடக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பழைய பதிவைக் காட்டி, அது பதிவு என்று சொல்லாமல் விடும் வழக்கமும் இருக்கிறது. தான் நேரில் கேளாததைக் கேட்டது போன்ற சொல்லால் அறிவிப்பதற்குத் தத்லீஸ் என்று பெயர். அத்தகைய அறிவிப்பாளர் 'நான் கேட்டேன்' என்று வெளிப்படையாகச் சொன்னாலன்றி அவர் அறிவிப்பை நபிமொழி அறிஞர்கள் ஏற்பதில்லை. நாமோ படம் தெளிவாக இருந்தால் போதும் என்றிருக்கிறோம்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'எச்.டி. ரெடி' என்று விற்கப்படும் 32 அங்குலப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் திரையில் இருப்பவை 1366க்கு 768 புள்ளிகள், 'ஃபுல் எச்.டி.' என்பதுதான் 1920க்கு 1080. இதை வாங்குபவரிடம் விளக்கிச் சொல்லும் வியாபாரி குறைவு. ஃபுல் எச்.டி.யின் முழுத் தெளிவையும் கண் பெற வேண்டுமானால், திரை உயரத்தின் மூன்று மடங்குத் தொலைவில் அமர வேண்டும்; 32 அங்குலத் திரைக்கு அது ஏறத்தாழ நான்கடி. பத்தடி தள்ளி அமர்ந்தால் பழைய படத்திற்கும் புதியதற்கும் இடையே கண் காணும் வேறுபாடு மிகச் சிறிது. அப்புறம், எச்.டி. பெட்டியில் சாதாரண அலைவரிசையைப் போட்டால், இல்லாத புள்ளிகளைப் பெட்டி அக்கம்பக்கத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறது. அறிவிப்பாளர் தம் சொல்லை நபிமொழிக்குள் கலந்துவிட்டால் அதை முத்ரஜ் என்போம். இங்கே கலப்பது பெட்டி, வேறுபாடு அவ்வளவே.

இப்போது மூத்தவரின் கேள்விக்குத் திரும்புவோம். பிம்பத்தைக் காண்பது பொருளைக் காண்பதாகுமா என்பது சட்ட அறிஞர்களுக்குப் புதிய கேள்வியன்று. பாராமல் வாங்கிய பொருளைப் பார்த்தபின் மறுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. அவர் அப்பொருளைக் கண்ணாடியில் மட்டும் பார்த்திருந்தால், அவ்வுரிமை நீங்குவதில்லை என்று ஹனஃபி அறிஞர்கள் எழுதினார்கள். அவர் கண்டது பொருளை அன்று, அதன் சாயலை என்பது காரணம். எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மத் பகீத் அல்முதீஈ (ரஹ்) புகைப்படத்தை அனுமதித்தபோது, அது நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்று வாதிட்டார். முஃப்தி முஹம்மது தகீ உஸ்மானீ, தொலைக்காட்சித் திரையில் தோன்றுவது நிலைபெறாதது, ஆதலின் தடுக்கப்பட்ட உருவத்தைவிடச் சாயலுக்கே நெருக்கமானது என்று கருதினார். இக்கருத்துகளை மறுப்போரும் உண்டு. ஆயினும் சாயல் என்பதால் பார்க்க அனுமதி கேட்போர், அதே சாயலை நேர்க்காட்சி என்று வாதிட இயலாது என்பது தெளிவு.

தொழுகைக்கு வருவோம். பள்ளிக்கு வெளியே நின்று இமாமைப் பின்பற்றுவோருக்கு ஷாஃபிஈ மத்ஹபில் ஏறக்குறைய முந்நூறு முழ எல்லையும், இடையில் தடுப்பில்லாமையும் நிபந்தனை. ஹனஃபி மத்ஹபில் இட ஒருமை நிபந்தனை. வானொலியைப் பின்பற்றி வீட்டில் ஜுமுஆ தொழலாம் என்று மொராக்கோவின் அஹ்மத் இப்னுஸ் ஸித்தீக் அல்குமாரீ ஒரு நூலே எழுதினார். பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை. 2020இல் அந்நூல் மீண்டும் பேசப்பட்டது. அவர் காலத்து அனலாக் வானொலியிலாவது, இமாமின் தக்பீர் வாயிலிருந்து வந்த அதே கணத்தில் கேட்டது. இன்றைய திரையில் இமாம் ருகூவுக்குக் குனிவதை நாம் காணும்போது, அவர் அங்கே நிமிர்ந்துவிட்டிருப்பார். நாம் குனியும்போது அவர் ஸஜ்தாவில் இருக்கக்கூடும். இமாமைப் பின்பற்றுவதென்பது அவருடைய இயக்கத்தைத் தொடர்வது. அவர் செய்து முடித்ததன் பதிவைத் தொடர்வதன்று. படத்தைத் தெளிவாக்குவதற்காகச் செய்யப்படும் சுருக்கமே இத்தாமதத்திற்குப் பெரும் காரணம் என்று நாம் விளக்கியபோது, அப்பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் என் பழைய ரேடியோவே மேல் என்கிறீர்களா?" என்றார். அந்த வகையில் மேல்தான் என்றோம். தொழுகை மட்டும் அதிலும் கூடாது.

நொடிகளில் உள்ள தவறு இது. நிமிடங்களில் உள்ள தவறு நோன்பு திறப்பதில் நிகழ்கிறது. ரமளானில் சில அலைவரிசைகள் சென்னை நேரப்படி மஃரிப் பாங்கை ஒளிபரப்புவதுண்டு. செயற்கைக்கோளின் ஒரே வீச்சு குமரி முதல் காஷ்மீர்வரை ஒரே கணத்தில் விழுகிறது. சூரியன் அப்படி மறைவதில்லை. தீர்க்கரேகை ஒரு பாகைக்கு நான்கு நிமிட வேறுபாடு. சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் மூன்றேகால் பாகைக்குச் சற்று மேல். ஆகவே கோவையில் சூரியன் சராசரியாகப் பதின்மூன்று நிமிடங்கள் கழித்தே மறைகிறது. பருவத்திற்கேற்ப இதில் சில நிமிடங்கள் கூடும், குறையும். சென்னை பாங்கைத் திரையில் கேட்டுக் கோவையில் பேரீச்சம்பழத்தை வாயில் இட்டவர், சூரியன் மறையும் முன் நோன்பை முறித்தவராகிறார். அறியாமல் செய்ததற்குக் குற்றமில்லை. ஆனால் அந்நோன்பைக் களாச் செய்ய வேண்டும் என்பதே பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு. மேற்கே போகப் போக இடைவெளி பெருகும். கோழிக்கோட்டில் அது பதினெட்டு நிமிடங்கள். எச்.டி.யில் கேட்டாலும் அவ்வளவேதான்.